அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு பாடம்

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சனி பகவானுக்குப் பயந்து வருகிறவர்கள். நள தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றி, பயத்தை அங்கேயே இறக்கி வைத்து விட்டு, கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைக்காலுக்குக் கடல் பார்க்க வந்து விடுகிறார்கள். பயத்தை ஓரிடத்தில் மொத்தமாக இறக்கி வைத்து விட்டவர்கள் ஆகையால், கடலுக்குக் கொடுப்பதற்கு அவர்களிடம் பயம் ஏதும் மிச்சம் இருப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்படி வந்த குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன், அவனைவிடச் சிறிய பெண். தகப்பனார் பொறுப்பான மனிதர். கடற்கரையில் எல்லாரும் குதித்துக் கொண்டிருந்த இடத்தில் அலை பெரிதாக அடிக்கிறது என்று பார்த்து, குழந்தைகளைத் தெற்கே அரசலாற்று முகத்துவாரத்துப் பக்கம் அழைத்துக் கொண்டு போனார். அங்கே ஒரு சிறு பரப்பில் அலையே இல்லை. தண்ணீர் குளத்து நீர் மாதிரி சாதுவாக இருந்தது. பையனின் கையைப் பிடித்துக் கொண்டு முழங்கால் வரையில் இறங்கினார்.

"யாரய்யா அது? புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளியே வா!"

படகோரமாக உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக் கொண்டிருந்த கிழவர் போட்ட சத்தம் அது. கடற்கரையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். தகப்பனாருக்கு முகம் சிவந்து விட்டது.

"அலை இல்லாத இடமாப் பார்த்துத்தானே பெரியவரே இறங்கியிருக்கேன்!"

"அலை இல்லாததுதான்யா ஆபத்து! மொதல்ல வெளியே வா, அப்பறம் பேசலாம்!"

உண்மையைச் சொல்லி விடுகிறேன். அந்தக் கணத்தில் நான் தகப்பனாருடைய கட்சியில்தான் இருந்தேன். வெளியூர்க்காரரிடம் இப்படியா பேசுவது, கடலுக்கு இவர் பட்டா வாங்கி வைத்திருக்கிறாரா என்றெல்லாம் மனசுக்குள் சொல்லிக் கொண்டேன். படித்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மரியாதைக் குறைவுதான். அபாயம் அப்புறம்தான் படுகிறது.

அவர்கள் கரையேறிய பிறகு கிழவர் சாவதானமாக விளக்கினார். கரையில் மோதுகிற தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அடியில் எங்கே பள்ளமாக இருக்கிறதோ அந்த வழியாக அது கூட்டமாகச் சேர்ந்து ஓடும். பள்ளமான இடத்தில் அலை உடையாது. ஆகவே மேலே பார்த்தால் அமைதி, கீழே இழுப்பு. முகத்துவாரத்தில் ஆற்று நீரும் வற்றுநேரத்தில் அதோடு கூட்டுச் சேர்ந்து கொள்ளும். மணல் திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. பட்டணத்துக்காரர்கள் குழந்தைக்கென்று தேடித் தேடிக் கண்டுபிடிப்பது எப்போதும் அந்த இடத்தைத்தான்!

"மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க. அதோட மல்லுக்கட்டினா மூச்சுப் போயிரும். கரைக்கு ஒட்டினாப்பல பக்கவாட்டிலே போங்க. இழுப்பு அகலம் கொஞ்சம்தான்; தாண்டிட்டா அலையே தூக்கிக்கிட்டு வந்து போட்டுரும்" என்றார்.

உலகத்துக் கடற்கரைகளில் உயிர் காக்கும் வேலையில் பயிற்சி பெற்றவர்கள் சொல்லித் தருவதும் இதையேதான். கிழவர் அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவரல்ல.

அன்று இரவு விடுதிக்குத் திரும்பி வந்த பிறகும் இந்த நினைவு என்னை விடவில்லை. ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயம் தவறான இடத்தில் இருக்கிறது, அதுதான் தொல்லை. இந்தக் கரையின் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால், நாலு நூற்றாண்டுகளாகப் புதிதாக வந்தவர்கள் செய்ததெல்லாம் இந்தத் தவறுதான் என்று தோன்றுகிறது.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் வந்து கோட்டை கட்டினார்கள். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய அரசரிடமிருந்து பெற்றார்கள். நடுநடுவே ஆங்கிலேயர் பிடுங்கிக் கொண்ட காலம் போக, 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் இங்கே அவர்கள் கொடிதான் பறந்தது. இன்றைக்கும் போலீஸ்காரர் தலையில் அந்தச் சிவப்புத் தொப்பி இருக்கிறது. வந்த ஐரோப்பியர்கள் யாவரும் நம்முடைய உஷ்ண தேசத்தைக் கண்டு பயந்துதான் வாழ்ந்தார்கள். ஆனால் எதற்குப் பயந்தார்கள்?

காற்றுக்குப் பயந்தார்கள். சதுப்பு நிலத்திலிருந்து எழும்பும் கெட்ட காற்றுத்தான் குளிர் ஜுரத்தைக் கொண்டு வருகிறது என்பது அவர்கள் சித்தாந்தம். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். ராத்திரிக் காற்று ஆகாது என்று ஜன்னல்களைச் சாத்திக் கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் தொட்டியிலும் குட்டையிலும் தேங்கிக் கிடந்த தண்ணீரை யாரும் சந்தேகிக்கவில்லை. 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ வைத்தியர் ஒரு கொசுவை அறுத்து அதன் வயிற்றில் ஜுரக் கிருமியைப் பார்த்த பிறகுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது. அதுவரையில் ஜன்னலைச் சாத்தியதால் பிழைத்தவர்கள் சிலர் இருக்கலாம். காற்றைத் தடுத்ததாக எண்ணிக் கொசுவைத் தடுத்திருப்பார்கள்!

வெயிலுக்கும் பயந்தார்கள். சோலார் தொப்பி இல்லாமல் வாசலில் தலை காட்டினால் சூரிய கிரணம் மண்டைக்குள் புகுந்து மூளையைக் கலக்கி விடும் என்று, இந்த நூற்றாண்டு அல்ல, போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நம்பினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் அந்தத் தொப்பி இல்லாமல் நடமாடி, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிற்பாடுதான் அந்தப் பயம் தெளிந்தது. வெயில் ஆளைக் கொல்லும் என்பது பொய்யல்ல. ஆனால் அது கிரணத்தால் அல்ல. உடம்பின் நீர் வற்றிச் சூடு ஏறுவதால். உச்சிப் போதில் நிழலுக்குப் போ, தாகம் எடுக்குமுன் குடி, மோரில் உப்புப் போட்டுக் குடி என்று நம் பாட்டிமார் சொன்ன மருந்து தொப்பியைவிட மலிவு.

கேட்டுத் தெரிந்து கொள்ளாதவர்களில் முதல் பரிசு லாலி பிரபுவுக்குத்தான். 1758-இல் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிப் புதுச்சேரியில் வந்து இறங்கிய அவர், பணம் வசூலிப்பதற்காகக் காரைக்கால் வழியாகத் தஞ்சாவூர் மீது படையெடுத்தார். நாகூரைக் கொள்ளையிட்டார். கீவளூர்க் கோவிலில் புதையல் இருக்கும் என்று தேடினார். ஒற்றர்கள் என்று சந்தேகித்துக் கோவில் பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். விளைவு என்ன? தமிழ் நாட்டுக்கே சோறு போடும் காவேரிப் பாசனச் சீமையில், அவருடைய சிப்பாய்கள் பசியால் வாடினார்கள். வழி காட்டவும் நெல் குத்திக் கொடுக்கவும் யார் முன்வருவார்கள்? ஆகஸ்டு மாதத்தில் முற்றுகையைக் கைவிட்டுக் காரைக்காலுக்கே திரும்பினார். விருந்தாளி வீட்டுக்காரனிடம் நடந்து கொள்ளும் முறை சரியில்லையென்றால், அன்னம் விளைகிற இடத்திலும் பட்டினிதான்.

எல்லாரும் லாலிகள் அல்ல. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து தமிழ் கற்று, தமிழில் அச்சு நூல்கள் போட்ட சீகன்பால்கு ஐயரை நமக்குத் தெரியும். அவருடைய சகாவான கிரண்ட்லர், காரைக்காலுக்கு வெகு அருகில் உள்ள பொறையாற்றில் தங்கியிருந்தவர். தமிழ் வைத்தியம் என்னதான் சொல்கிறது என்று கேட்டறிந்து 1711-இல் ஜெர்மன் பாஷையில் ஒரு கையெழுத்து நூலே எழுதினார். அந்நிய தேசத்தில் வியாதி வந்தால் அந்தத் தேசத்து வைத்தியனைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்காக அவரை நமஸ்கரிக்கலாம். அப்படியும், இருவருக்கும் ஆயுள் கெட்டி இல்லை. சீகன்பால்கு 1719-இல் தம் 36-ஆம் வயதில் இறந்தார். மறு வருஷமே கிரண்ட்லரும் போனார். கேட்பவர்கள் எல்லாரும் பிழைத்து விடுவதில்லை. கேட்கிற விஷயம் வீட்டுக்காரனுக்கும் தெரியாததாக இருந்து விட்டால் என்ன செய்வது?

இந்த இடத்தில் நம்முடைய பெருமையைச் சற்று இறக்கி வைத்து விட்டுப் பேச வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. வாந்திபேதியை எடுத்துக் கொள்ளுங்கள். அது தண்ணீரில் வருகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் 1854-இல் ஒரு தெருக் குழாயைச் சுட்டிக் காட்டிச் சொன்னார். கிருமியை ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் 1883, 1884-ஆம் வருஷங்களில் கண்டுபிடித்தார். நாமோ அதற்கு அம்மன் கோபம் என்று பெயர் வைத்து, திருவிழாவுக்குத் திருவிழா கூட்டத்தோடு சேர்த்து வியாதியையும் ஊருக்கு ஊர் அனுப்பிக் கொண்டிருந்தோம்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்து விட வேண்டாம். 2022 ஜூலை 3-ஆம் தேதி இதே காரைக்காலில் காலராவுக்காகச் சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கினால் அவதிப்பட்டார்கள். பள்ளிக்கூடங்களை மூன்று நாள் மூடினார்கள். அப்போது ஆனிப் பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தது. ஆனிப் பௌர்ணமி என்றால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சிவனடியாருக்கு மாம்பழம் படைத்த காரைக்கால் அம்மையாருக்காக வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். வெளியூர் ஜனம் திரண்டு வந்து பிடிக்கும். வருகிறவர் எவரும் மாம்பழத்தையோ கூட்டத்தையோ பற்றித்தான் யோசிப்பார். வாசலில் யாரோ அன்போடு நீட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சந்தேகிக்க மனம் வருமா? கொதித்து ஆறிய நீர்தானா என்று கேட்பது அவமரியாதை அல்ல என்பதை விருந்தாளியும், கேட்பதற்கு முன்னால் சொல்லி விடுவதுதான் உபசாரம் என்பதை வீட்டுக்காரரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

தப்பித் தவறி வியாதி வந்து விட்டாலும் மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. 1971-இல் வங்காள யுத்தத்தின்போது எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து விட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, தாய்மார்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரையில் இறந்து கொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து: இவ்வளவுதான். யாத்திரை போகிறவர்கள் ஸ்லோகத்தோடு இதையும் மனப்பாடம் செய்து கொள்ளலாம். கொடுத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

இனி, நான் சொல்லத் தயங்கித் தயங்கி வந்த விஷயத்துக்கு வர வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி மக்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் வேலையில் இருந்தார்கள். தெற்கே வேளாங்கண்ணியில் மாதாவைத் தரிசிக்கத் தூர தேசங்களிலிருந்து வந்திருந்தவர்கள் கடலோரத்தில் காலை நனைத்துக் கொண்டிருந்தார்கள். சொல்வதற்கு யாரும் இல்லை. காரைக்கால் பிரதேசத்தில் ஏறக்குறைய ஐந்நூறு பேர். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேல். வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் பலர் எந்த ஊர், என்ன பேர் என்று தெரியாமலே மண்ணுக்குள் போனார்கள். விருந்தாளியாக வந்தவர் முகவரி இல்லாமல் போவதைவிட ஓர் ஊருக்கு வேறு துக்கம் உண்டா?

அன்று வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைத்தவனுக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டுக் கொண்டு போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1881 டிசம்பர் 31-ஆம் தேதி கார் நிகோபார் அருகே பூகம்பம் ஏற்பட்டு இதே மாதிரி அலை கிளம்பியது. வந்த அலை சிறியது; ஆள் உயரம்கூட இல்லை. நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்க வைத்திருந்த கருவி, கடல் ஏறி இறங்கியதைக் காகிதத்தில் கோடு போட்டு வைத்தது. விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். காகிதத்துக்குத் தெரிந்தது, கரைக்குத் தெரியவில்லை. நூற்றிருபத்து மூன்று வருஷங்கள் கழித்து அதே டிசம்பர் மாதக் கடைசியில் அதே கரைக்குக் கடல் வந்தபோது, அந்தக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர் மணலில் ஒருவரும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு தீவும் உண்டு. சுமத்ராவின் அருகில் உள்ள சிமலு. பூகம்பம் பிறந்த இடத்துக்கு அதைவிடப் பக்கத்தில் ஜனங்கள் வாழும் இடம் ஏது என்றே சொல்லலாம். பத்து நிமிஷத்துக்குள் அலை வந்து விட்டது. தீவில் ஜனத்தொகை முக்கால் லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் 7 பேர். அங்கே 1907-இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டு போயிருந்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். பூமி ஆடி, கடல் உள்வாங்கினால் பொருளைத் தேடாதே, குன்றுக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நாம் காகிதத்தில் வைத்ததை அவர்கள் தொட்டிலில் வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்தான் விருந்தாளிக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. அதே நாளில் தாய்லாந்தில் புகெட் தீவின் மைக்காவ் கடற்கரையில், விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் பூகோள வகுப்பில் வாத்தியார் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. கத்தினாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை, அவள் விடவில்லை. தகப்பனார் காவலாளியிடம் சொன்னார், காவலாளி கரையைக் காலி செய்தான். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒரு குழந்தை கத்தியதும், அதை ஒரு பெரியவர் கேட்டதும், இரண்டும் சேர்ந்துதான் அந்த நூறு உயிர். கேட்பதற்குக் காது இல்லாவிட்டால் கத்திப் பிரயோஜனம் இல்லை.

இன்றைக்கு நிலைமை தேவலை. ஹைதராபாத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்து விட்டது. காரைக்காலுக்கு அருகில் 2008 நவம்பரில் நிஷா புயல் கரை கடந்தது போல ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும்போது துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். பத்திரிகையிலும் வருகிறது. ஆனாலும் மழைக் காலத்தில் ஊர் சுற்ற வருகிறவர்களில் எத்தனை பேர் கூண்டு எண்ணைப் பார்த்து விட்டுச் சாமானைக் கட்டுகிறார்கள்? ராத்திரிக்குக் கொசுவலை கொண்டு வருகிறவர்கள், டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதை யோசிக்கிறார்களா? கருவிகள் பெருகி விட்டன. ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்வதுதான் குறைந்து விட்டது. விடுதி மானேஜர் காப்பிப் பலகாரம் எத்தனை மணிக்கு என்று சொல்கிறார். எந்த இடத்தில் கடலில் இறங்கக் கூடாது என்று சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்து விடுவாரோ என்று கூச்சம்.

முகத்துவாரத்துக்கே திரும்பி வருகிறேன். கிழவர் பேசி முடித்ததும் அந்தத் தகப்பனார் கோபம் தணிந்து, ஜேபியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நல்ல எண்ணத்தில்தான். கிழவர் அதைத் தொடவில்லை.

"காசு எதுக்குங்க? அன்னிக்கு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லே" என்றார். எந்த 'அன்னிக்கு' என்று அவர் விளக்கவில்லை. அந்தக் கரையில் அது ஒரு நாளைத்தான் குறிக்கும். பிறகு வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக் கொண்டு, "உங்க ஊர்லேருந்து வர்றவங்ககிட்டே சொல்லுங்க. அது போதும்" என்றார்.

அந்தக் குடும்பம் தன் ஊரில் போய்ச் சொல்லியிருக்கும் என்று நம்புகிறேன். பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருந்தவன் நானும்தான். மனசுக்குள் அவரைக் கோபித்துக் கொண்டவனும் நான்தான். ஆகவே என் பங்கை இங்கே சொல்லி விட்டேன்.